நாற்பத்து மூன்று பேரின் புருஷன்

ஒரே காலையில் நாற்பத்து மூன்று பெண்களுக்குப் புருஷனாகிப்போன சசிதரனுக்கு, அதற்கு முந்தின நாள் வரை ஒரு பெண் கூட வாட்ஸ்அப்பில் ஒழுங்காகப் பதில் போட்டது கிடையாது. வயது இருபத்தேழு. கேமரன் மலை ஹார்வுட் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. பிறந்ததும் அதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான். ஈப்போவில் போய்ப் படித்துவிட்டு வந்து, கோலாலம்பூருக்குப் போகப் போகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே அம்மா சீதா வடிக்கிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

விஷயம் வெடித்தது திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஆட்கள் வந்து பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற பெரட்டுக் களத்தில். ரிங்லெட் போகிற சாலையோரம் கம்பெனி தொழிலாளர்களுக்காகத் தொடர் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. வீடு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் எழுதப்படும் என்று சொல்லியிருந்தார்கள். மனுப் போட்டவர்களின் பட்டியலை ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி காளியண்ணன் அச்சடித்து, அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல், நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

முதலில் படித்தவள் உமாதேவி. கொழுந்து எடுக்கிறவர்களில் மூத்தவள். அவள் கிசுகிசுத்தால் அடுத்த மலையில் நிற்கிறவனுக்குக் கேட்கும்.

"நம்ம பேருக்கு நேரா என்னமோ போட்டிருக்கே. சசிதரன் ஏ/எல் மாடசாமி. யாருடி அது?"

"கம்ப்யூட்டர் தம்பி லா."

"அவனா எம் புருஷன்? தீபாவளிக்கு ஒரு சேல எடுத்துக் குடுக்கலியே அந்தப் பாவி."

"ஒனக்கு மட்டுமா? எனக்கும் அவன்தான் போட்டிருக்கு. கீழ பாரு, இவளுக்கும் அவன்தான்."

ஏழரைக்கு சசிதரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது களத்தில் ஒருத்தியும் மலைக்குப் போயிருக்கவில்லை. ஐம்பது வயதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்கள், முதுகில் கூடையும் தலையில் துண்டுமாக இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

"என்னங்க, இப்பதான் வர்றீங்களா?" என்றாள் ஒருத்தி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு.

"பசியாறிட்டீங்களாங்க?" என்றாள் இன்னொருத்தி.

"நேத்து ராத்திரி எவ வீட்டுல இருந்தீங்க, அத மொதல்ல சொல்லுங்க," என்றாள் உமாதேவி. களமே சிரித்து உருண்டது. மலையில் வேலை செய்கிற நேப்பாளத்துப் பையன்கள் இரண்டு பேர் ஒரு வார்த்தையும் புரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

சசிதரன் போர்டைப் பார்த்தான். இன்னார் மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி என்று போட்ட அந்தப் பட்டியலில் அவன் பெயர் ஏணிப்படி மாதிரி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பதினேழாவது வரிக்கு வந்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. சீதா ஏ/பி சிங்காரம். கணவர் பெயர்: சசிதரன் ஏ/எல் மாடசாமி. பெற்ற தாய்க்கும் அவன்தான் புருஷன்.

மனுக்களைப் பதிகிற புரோகிராமை எழுதியவனே அவன்தான். தவறு எங்கே என்று ஆபீசுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. இந்த மாதிரி புரோகிராம்களை எம்.வி.சி. என்று மூன்று பாகமாகப் பிரித்து எழுதுவார்கள். ஒரு தொழிலாளிக்கு என்னென்ன விவரம் உண்டு என்று சொல்கிற ஏடுதான் மாடல். வெளியாட்கள் எட்டிப் பார்க்கிற ஜன்னல் வியூ. இரண்டுக்கும் நடுவில் ஓடியாடி இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற கங்காணி கண்ட்ரோலர். எழுதிய காலத்தில் அதைச் சோதித்துப் பார்க்க ஒவ்வொரு தடவையும் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பாவிட்டால் சேமிக்காது. அந்தக் கட்டாயத்தை வைத்தவனும் அவனேதான். நாற்பதாவது தடவை அலுத்துப்போய், மாடல் கிளாசுக்குள்ளேயே துணைவர் பெயர் என்ற ப்ராப்பர்டிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி போட்டு, கைக்கு வந்த பெயரை, யாரும் ஒன்றும் நிரப்பாவிட்டால் தானாக வந்து நிற்கிற டிஃபால்ட்டாக எழுதி வைத்தான். எவன் எழுதினாலும் முதலில் கைக்கு வருவது சொந்தப் பெயர்தான். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அப்புறம் எடுக்கலாம் என்று வைத்த டிஃபால்ட்டை எடுத்தவன் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை.

அதுவும் எல்லாருக்கும் அப்படி ஆகவில்லை. இருநூற்றுச் சொச்சம் மனுக்களில் இந்த நாற்பத்து மூன்று மட்டும் ஏன்? மனுக்களைப் பதிந்தவள் ஷாரன். தானா ராத்தாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த சின்ன கிராணி. அவளைக் கூப்பிட்டு விசாரித்தான்.

"புருஷன் பேரு என்னன்னு எல்லார்கிட்டயும் கேட்டேண்ணே. கொஞ்சம் பேரு சொல்லவே மாட்டேனுட்டாங்க. சிரிக்கிறாங்க, கூரையப் பாக்கிறாங்க, 'அதான், எங்க வீட்டுக்காரரு'ன்றாங்க. வெளிய பெரிய வரிச நிக்குது. பாத்தா கட்டத்துல ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு. சரி, அடையாளக் கார்டு ஐ.சி. நம்பர வெச்சு சிஸ்டமே கண்டுபிடிச்சிருச்சுன்னு நெனச்சு சேவ் அடிச்சிட்டேன்."

"நாப்பத்து மூணு தடவ ஒரே பேரு வருதே, சந்தேகம் வரலியா?"

"எங்க சர்ச்சுல பதினோரு அந்தோணி இருக்காங்கண்ணே," என்றாள் ஷாரன், கொஞ்சமும் அசராமல்.

அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. இந்த மலையில் அந்த வயசுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த மனுஷனுக்கு ஆயுள் குறையும் என்று அம்மாக்காரிகள் சொல்லிக் கட்டிக்கொடுத்தது. புருஷன் குடித்துவிட்டு வந்தால் கொழுந்து வெட்டுகிற கத்திரியைத் தூக்கிக்கொண்டு துரத்துவார்கள். பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். சசிதரனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அந்தக் கட்டத்தில் தன் பெயரை உட்கார வைத்தவன் அவன்தான்.

டிஃபால்ட்டை அழிக்க ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. ஆனால் அது இனிமேல் பதியப்போகிற ஆட்களுக்குத்தான் உதவும். ஏற்கெனவே சேமித்த வரிகளில் அவன் பெயர் கல்வெட்டாக நின்றது. மானேஜர் துரை கூப்பிட்டு, இங்கிலீஷில் மூன்று நிமிஷம் ஏசிவிட்டு, கடைசியில் தமிழில் முடித்தார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் எச்.கியூ. போவணும். பேரு தப்பா இருக்கிற மனுவ அவங்க தூக்கிப் போட்டுருவாங்க. அப்புறம் நாப்பத்து மூணு பேரையும் ஒன் வீட்டுலயே வெச்சுக்க."

பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தான். அவற்றில் பெண்கள் எல்லாரும் தகப்பன் பெயரோடுதான் இருந்தார்கள். காளியண்ணனைக் கேட்டால் எல்லாப் புருஷன்மாரையும் தெரியும் என்றார். தெரிந்துதான் இருந்தது: கட்டை, லோரி, வாழைத்தார், செவிட்டுப் போலீஸ். இவற்றை எச்.கியூ.வுக்கு அனுப்ப முடியாது.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு லேப்டாப்போடு போனான். நாற்பத்து மூன்று பேரும் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். முதலில் உமாதேவி.

"அக்கா, வீட்டுக்காரர் பேரு."

"பழனியில கையில தடியோட நிக்கிறாருல்ல, அவரு பேரு."

"தண்டபாணியா, தண்டாயுதமா?"

"ரெண்டுல ஒண்ணு," என்று சொல்லிவிட்டு உமாதேவி வானத்தைப் பார்த்தாள்.

இந்த வேகத்தில் போனால் அடுத்த வெள்ளிக்கிழமைதான் முடியும். அப்போது அவளுக்குப் பின்னால் நின்றவள் பொறுக்க மாட்டாமல், "தண்டாயுதம் லா தம்பி. ஊருக்கே தெரியும். எழுதிட்டு விடு, சாக்கு கனக்குது," என்றாள். சசிதரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் புருஷன் ஆயுள்தானே குறையக் கூடாது? அடுத்தவள் புருஷன் ஆயுளைப் பற்றி யாருக்கு என்ன கவலை? எல்லாரையும் இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்தான். இவள் புருஷனை அவள் சொன்னாள், அவள் புருஷனை இவள் சொன்னாள். பழைய பகை இருந்தவர்கள் எதிராளியின் புருஷன் பெயரை நிதானமாக, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை சொன்னார்கள். அரைமணி நேரத்தில் நாற்பத்திரண்டு பெயரும் சேர்ந்துவிட்டன.

மிச்சம் ஒன்று. ஜோடி இல்லாமல் தராசுக்குப் பக்கத்தில் நின்றாள் சீதா. அவள் புருஷன் பெயர் அங்கே எல்லாருக்கும் தெரியும். பட்டியலில் நாற்பத்து மூன்று தடவை சசிதரனுடைய பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்ததும் அதே பெயர்தான். ஆனாலும் அவள் முன்னால் அதைச் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. உமாதேவி கூடச் சும்மா இருந்தாள். சீதா தன் சாக்கை இழுத்துத் தராசில் போட்டு, எடையைப் பார்த்துவிட்டு, மகனைப் பார்க்காமலே மலைக்குத் திரும்பிப் போனாள்.

மாடசாமி டிராக்டர் ஓட்டியவன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்து வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கிருந்து கிளந்தான் பக்கம் ஒருத்தியோடு போய், இப்போது இரண்டு பிள்ளைகளும் ஒரு டயர் கடையுமாக நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. போன பிறகு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வந்தான். முதல் தடவை டிவியை எடுத்துக்கொண்டு போனான். இரண்டாம் தடவை சீதா கூட்டுறவுச் சொசையிட்டியில் கடன் போட்டு வாங்கின மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். இனி எடுத்துப்போக ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு வரவில்லை. இப்போது எடுத்துப்போக ஒரு வீடு வரப் போகிறது. அவன் பெயரைக் கணவர் கட்டத்தில் எழுதினால் பாதி வீடு அவனுக்குப் போய்விடும். எழுதாமல் விட்டால் மனுவே செல்லாது. லயத்து வீட்டையும் இரண்டு வருஷத்தில் இடித்துவிடுவார்கள்.

சாயந்தரம் சீதா கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சசிதரன் சுற்றி வளைத்துப் பேச்சை ஆரம்பித்தான்.

"விதவைன்னு போடு," என்றாள் சீதா.

"சாவு சர்டிபிகேட் வேணும்மா."

"அதுக்கு நான் என்னடா பண்றது? அவன்ல சாவணும்."

"பேசாம இப்ப இருக்கிற மாதிரியே விட்டுட்டா என்ன? எம் பேருதான் இருக்கு. கிராணியும் அதான் சொல்றாரு, யாரு பாக்கப் போறான்னு. வீடு ஒனக்கும் எனக்கும் வந்துரும்."

சீதா புளிச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"பெத்த புள்ளயப் புருஷன்னு எழுதி வாங்கின வீட்டுல எப்படிடா அடுப்பு மூட்டுறது? படிச்சவன்தான நீ?"

சசிதரனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தில் கேட்டுவிட்டான்.

"இத்தன வருஷமா அந்தாளு பேர ஒரு தடவ கூட நீ சொன்னதில்ல. ஏம்மா? அவரு ஆயுசு கொறஞ்சிடும்னு இன்னுமா பாத்துக்கிட்டிருக்க?"

சீதா புளிச்சட்டியைத் திரும்ப எடுத்தாள். புளியை வடிகட்டிச் சட்டியில் ஊற்றினாள். அன்று ராத்திரி சசிதரன் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டான். டிவியையும் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு போனவனுக்கு இன்னும் இவள் ஆயுள் காத்துக்கொடுக்கிறாளே என்று வயிறு எரிந்தது.

புதன்கிழமை எச்.கியூ.வுக்கு போன் போட்டான். நாலு பேர் கைமாறி, கடைசியில் சட்டப் பிரிவில் ஒரு அம்மா விவரமாகச் சொன்னாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன் என்றால், அவனுடைய முழுப் பெயரையும் போன வருஷத்தையும் சொல்லி, சத்தியப் பிரமாணம் வாங்குகிற அதிகாரி முன்னால் மனைவி வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் கணவர் கட்டம் காலியாக இருக்கலாம். வீடு அவள் ஒருத்தி பெயருக்கே வரும். சசிதரன் அன்றைக்கே மாடல் கிளாசைத் திருத்தினான். துணைவர் பெயர் இனி கட்டாயம் இல்லை, காலியாகவும் இருக்கலாம். டிஃபால்ட் என்று ஒரு மண்ணும் கிடையாது. புரோகிராம் தயார். அம்மா வாய் திறப்பாளா என்பதுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காளியண்ணனின் பழைய கன்சில் காரை இரவல் வாங்கி, அம்மாவைத் தானா ராத்தாவுக்குக் கூட்டிப்போனான். சீதா கோயிலுக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சத்தியப் பிரமாண அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட வயசான சீனர். ஒரு துணிக்கடை மாடியில் சின்ன ஆபீஸ். அவர் மலாயில் புருஷன் பெயரைக் கேட்டார்.

சீதா கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதித் தரட்டா?" என்று சசிதரன் பேனாவை எடுத்தான்.

அதிகாரி கையை ஆட்டி மறுத்தார். சத்தியம் செய்கிறவள் அவள். அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாளை ஐந்து மணியோடு வீடு போச்சு. மாடிப்படியில் யாரோ ஏறி வந்து, கதவைத் திறந்து பார்த்து, இறங்கிப் போனார்கள்.

சீதா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நேராக உட்கார்ந்தாள்.

"மாடசாமி," என்றாள்.

சொல்லிவிட்டு, ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு மாமனார் பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னாள். அதிகாரி டைப் அடித்தார். சரியாக இருக்கிறதா என்று திரையைத் திருப்பிக் காட்டினார். சீதாவுக்கு மலாய் எழுத்து நன்றாகவே படிக்க வரும். இருந்தாலும், "தப்பாயிடப் போவுது, இன்னொரு வாட்டி சொல்றேன்னு சொல்லுடா," என்று மகனிடம் சொல்லி, மறுபடியும் சொன்னாள். கையெழுத்துப் போடும்போது ஒரு தடவை சொன்னாள். படி இறங்கும்போது, யாரும் கேட்காமலே, ஒரு தடவை சொன்னாள்.

திரும்பி வருகிற வழியில், ஏரி தெரிகிற வளைவு தாண்டியதும், அவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சசிதரன் பயந்து காரை ஓரங்கட்டினான்.

"என்னம்மா ஆச்சு?"

"அன்னிக்கு நீ கேட்டியே, ஆயுசு கொறஞ்சிடும்னு பாக்கிறியான்னு. சத்தியமா அது எனக்குத் தோணவே இல்லடா. சும்மா பழக்கத்துல வாய மூடிக்கிட்டு இருந்திருக்கேன்." கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். "பதினெட்டு வருஷமா அந்தத் தறுதலைக்கு நாந்தான் ஆயுசக் கூட்டிக் குடுத்திருக்கேன். அவன் டயர் கட வெச்சு நல்லா இருக்கான்னா, அது என்னாலதான்."

அம்மா இப்படிச் சிரித்து சசிதரன் பார்த்ததில்லை. இரண்டு நாளாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது அணைந்து, அவனுக்கும் சிரிப்பு வந்தது.

"இப்ப எத்தன தடவ சொன்னேன்?"

"அஞ்சு, ஆறு இருக்கும்."

"ஒரு தடவைக்கு எவ்ளோ கொறயும்னு எங்கம்மா சொல்லல," என்று யோசித்தாள் சீதா. "ஆறு பத்தாதுடா. பதினெட்டு வருஷப் பாக்கி இருக்கு."

கார் தோட்டத்துச் சாலைக்குத் திரும்புகிற வரை ஒவ்வொரு வளைவிலும் ஒரு தடவை சொல்லிக்கொண்டு வந்தாள். கேமரன் மலையில் வளைவுக்கா பஞ்சம்.

வெள்ளிக்கிழமை காலை பதினேழாவது வரியைத் திறந்து, கணவர் கட்டத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு, கடிதத்தின் படத்தை ஏற்றி, சேமி என்ற பொத்தானை அழுத்தினான். கட்டம் காலி. புரோகிராம் ஒன்றும் முனகாமல் ஏற்றுக்கொண்டது. நாலரை மணிக்குப் பட்டியல் எச்.கியூ.வுக்குப் போனது. இந்தத் தடவை காளியண்ணன் எல்லா வரியையும் படித்தார்.

அன்று சாயந்தரம் சீதா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏண்டா, ஒன் பேருக்குப் பின்னாடியே அவன் பேரு வருதுல்ல?"

"ஆமா. என்ன பண்றது? ஐ.சி.யில அப்படித்தான இருக்கு. மாத்தணும்னா சொல்லு, அப்ளை பண்றேன்."

"மாத்தாத, மாத்தாத," என்றாள் சீதா அவசரமாக. "ஆபீஸ்ல ஒன்ன எப்படிக் கூப்பிடுறாங்க?"

"சசின்னுதான்."

"அதெல்லாம் மரியாத இல்ல," என்று சொல்லிவிட்டு, மகன் தட்டில் இன்னொரு துண்டு கருவாடு வைத்தாள்.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் அவன் மோட்டாரை நிறுத்தியபோது, கூடையோடு நின்ற நாற்பத்திரண்டு பெண்களும் மலைக்குப் போகாமல் காத்திருந்தார்கள். யாரும் என்னங்க என்று கூப்பிடவில்லை. சீதா அவர்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உமாதேவிதான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த மலைக்கும் அதற்கு அடுத்த மலைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"சசிதரன் ஏ/எல் மாடசாமி, பசியாறிட்டியா தம்பி?"

மற்ற நாற்பத்தொரு பேரும் ஒவ்வொருத்தியாக, முழுப் பெயரையும் விடாமல் சொல்லி, அதையே கேட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறினார்கள்.